சரளை எங்கே, திராட்சை எங்கே: கியாந்தி, போன், மோசல் மூன்றில் எதற்குப் போகலாம்?

மச்சினன் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டது ஒரே வரி: "மாமா, கையில ஆறு நாள் இருக்கு. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல கிராவல் பைக் ஓட்டணும். எங்க போறது?" (சரளைப் பாதைக்குத் தோதான தடித்த டயர் சைக்கிள்தான் கிராவல் பைக்.) தடாகம், ஆனைகட்டி என்று ஞாயிறுதோறும் மிதிக்கிறவன் அவன். கூட வரப்போகும் அவன் மனைவி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. இருவரும் சைவம். இருவருக்கும் ஒயின் பழக்கமும் கிடையாது. "அப்புறம் எதுக்குடா திராட்சைத் தோட்டம்?" என்று கேட்டேன். "பார்க்க அழகா இருக்குமே" என்றான். சரி, நியாயமான பதில்தான்.

நான் ஜெர்மனியில் இருப்பதால் இப்படிப்பட்ட இடங்கள் மூன்றில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்று, இத்தாலியில் சியானாவுக்கு வடக்கே இருக்கும் கியாந்தி மலைகள். இரண்டாவது, பிரான்சில் பூர்கோன் பகுதியிலுள்ள போன் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் (கைபேசி என்று படித்துவிடாதீர்கள், அந்தப் பகுதி ஒயின் வியாபாரத்தின் நடுநாயகமான ஊர் அது). மூன்றாவது, ஜெர்மனியில் திரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே பாம்பு மாதிரி வளைந்து ஓடும் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மூன்றும் ஷெங்கன் நாடுகளில் இருப்பதால் விசா ஒன்று போதும். ஆறு நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். பாதி நேரம் ரயில் நிலையத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படியேறுவதில் போய்விடும்.

எதற்குப் போவது என்று யோசிக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலாப் படங்களில் வெள்ளைச் சரளைப் பாதையும் திராட்சைக் கொடியும் எப்போதும் கைகோத்தே நிற்கும். நேரில் போனால் இரண்டும் அவ்வளவாக ஒட்டுவதில்லை. நல்ல திராட்சை பெரும்பாலும் சரிவில்தான் விளைகிறது, வெயிலும் வடிகாலும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். அதே சரிவில் விழும் மழை சரளையை அடித்துக்கொண்டு கீழே போகும். கொடி வெட்ட, கட்ட, மருந்தடிக்க, பறிக்க என்று டிராக்டர் ஆண்டு முழுக்க ஏறி இறங்க வேண்டும். கையில் காசு புரளும் தோட்டக்காரர் என்ன செய்வார்? கான்கிரீட் போட்டுவிடுவார். பாட்டிலின் விலை ஏற ஏறப் பாதையும் கெட்டியாகிக்கொண்டே போகும் என்பது நானாகக் கண்டுபிடித்த விதி. பொருளாதாரம் படித்தவர்கள் மன்னிக்கட்டும். ஆனால் கிராவல் பைக்கை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு இந்த விதி நன்றாகவே உதவும்.

இன்னொன்று. நம் ஊர்க்காரருக்குத் திராட்சைத் தோட்டம் என்றதும் மனதில் வருவது கம்பம் பள்ளத்தாக்குப் பந்தல். கல்தூண் நட்டு, மேலே கம்பி கட்டி, தலைக்கு மேல் கொடி படர்ந்து, கீழே குளுகுளுவென்று நிழல் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை அப்படித்தான் விளைகிறது. இந்த மூன்று இடங்களிலும் பந்தலே கிடையாது. கொடி இடுப்பளவுக்கோ, மிஞ்சிப்போனால் ஆள் உயரத்துக்கோ வரிசையாக நிற்கும். மருந்துக்குக்கூட நிழல் கிடைக்காது. ஜூலையில் மதியம் ஒரு மணிக்குத் திராட்சைக்கு நடுவே ஓட்டுவதும் சித்திரை மாதத்தில் மொட்டைமாடியில் நிற்பதும் ஒன்றுதான்.

மோசலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலில் கழிக்கப்போவதும் அதைத்தான். அழகுக்குக் குறைவில்லை. பிரெம் என்ற ஊருக்குப் பின்னால் எழும்பும் கால்மோன்ட் சரிவில் சில இடங்களில் சாய்வு 65 டிகிரி வரை போகிறது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று அது. வேலையாட்களையும் பறித்த கூடைகளையும் ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். தரை முழுக்கப் பலகைப் பலகையாகப் பெயரும் ஸ்லேட் கல். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் அது கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் டயருக்கு அடியில் என்ன இருக்கிறது? திரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றை ஒட்டியே சுமார் 200 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போகிறது. ஏறக்குறைய முழுவதும் தார், ஏறக்குறைய முழுவதும் சமதளம். பாட்டி, பேரன், டிரெய்லரில் குழந்தை என்று எல்லோரும் வருவார்கள். தோட்டத்துக்குள் ஏறும் பாதைகள் கான்கிரீட். சரளை வேண்டுமென்றால் முந்நூறு மீட்டர் மேலே ஏறி ஹுன்ஸ்ரூக் காட்டுக்கோ ஐஃபல் காட்டுக்கோ போக வேண்டும். அங்கே அருமையான வனப்பாதைகள் இருக்கின்றன, ஒரு திராட்சைக் கொடிகூடக் கிடையாது. மேலே சரளை, கீழே திராட்சை. நடுவில் நம் முழங்கால் வலி.

மோசலுக்குப் போகலாம் என்று நான் சொல்வது இரண்டு காரணங்களுக்குத்தான். ஒன்று ரயில். ஆற்றோரத்தில் பல ஊர்களுக்கு நிலையம் உண்டு. அந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வேலைநாளில் காலை 9 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறு முழுவதும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கால் அசந்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது, ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று வாயில் நுழையாத பெயர்கொண்ட சாப்பாட்டுக் கடைகள். திராட்சை விவசாயி தன் வீட்டிலேயே, ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் போகாமல், நாற்பது இருக்கைக்கு மிகாமல் நடத்திக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடை திறந்திருந்தால் வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கும். இலையுதிர்காலத்தில் ஃபெடர்வைசர் என்று பாதி புளித்த திராட்சைச் சாறு விற்பார்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு பானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்குப் புளிக்காத சாறே கிடைக்கும், அதுவும் ஒயின் திராட்சையில் பிழிந்தது. கடையில் விற்கும் டப்பா ஜூஸை அப்புறம் தொட மனம் வராது. குழந்தைகளோடு போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மோசலைத் தேர்ந்தெடுக்கலாம். கிராவல் பைக் அதற்கு அவசியமே இல்லை, கூடை வைத்த சைக்கிள் போதும்.

அடுத்தது போன். டிஜோனிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்கும் குறைவு. போன் ஊரில் தொடங்கித் தெற்கே சாந்தனே வரை 'திராட்சை வழி' என்று பெயரிட்ட சைக்கிள் பாதை சுமார் 22 கிலோமீட்டர் போகிறது. வழியில் வரும் ஊர்களின் பெயர்களைச் சொன்னால் ஒயின் தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்: பொமார், வோல்னே, மெர்சோ, புலிக்னி, ஷசாஞ். ஒவ்வொன்றும் நம் ஊர் அக்கிரகாரம் மாதிரி இரண்டு தெரு, ஒரு தேவாலயம், பூட்டிய கதவுகள். திராட்சை பறிப்புக் காலம் தவிர மற்ற நாட்களில் மனித நடமாட்டம் குறைவு.

இங்கே பார்க்க வேண்டியது நிலத்தைக் கூறு போட்ட விதம். ஒரு கைப்பிடிச் சுவர், ஒரு கல்தூண், ஒரு பெயர்ப்பலகை, அதோடு ஒரு தோட்டம் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். இந்தத் துண்டுகளை 'கிளிமா' என்கிறார்கள். 1,247 கிளிமாக்கள் கொண்ட இந்தச் சரிவை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துண்டுக்குள்ளும் துண்டு உண்டு. வூஜோ என்ற ஊரில் ஒரே மதிலுக்குள் இருக்கும் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு எண்பது பேரளவில் சொந்தக்காரர்கள். ஒருகாலத்தில் துறவிகள் மடத்துக்கு மொத்தமாக இருந்த சொத்து அது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகிப் பின்னால் விலைபோய், தலைமுறை தலைமுறையாகப் பாகப்பிரிவினை ஆகி, கடைசியில் ஆளுக்குச் சில வரிசை என்றாகிவிட்டது. பாகப்பிரிவினையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வடக்கே வோன் ரொமனே ஊரில், ஒரு கல் சிலுவைக்குப் பக்கத்தில், உலகத்தின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விளையும் ரொமனே கோன்தி தோட்டம் இருக்கிறது. மொத்தமே 1.8 ஹெக்டேர்தான், நம் கணக்கில் நாலரை ஏக்கர். இடுப்பளவு மதில், உள்ளே நுழைய வேண்டாம் என்று மரியாதையாக ஒரு பலகை, அவ்வளவுதான். காவலாளி யாரையும் நான் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாந்தோப்புக்கு இருக்கும் காவல்கூட அதற்கு இல்லை.

பாதை? என் விதிப்படியே, பெரும்பாலும் கெட்டிப் பாதை. கான்கிரீட்டும் தாரும் மாறி மாறி வரும். கிராவல் டயர் அதில் உறுமிக்கொண்டு ஓடும், வேறு பயன் இல்லை. எதிரே வரும் டிராக்டர்தான் வேடிக்கை. ஒரு வரிசைக் கொடியை இரண்டு காலுக்கு நடுவே விட்டுக்கொண்டு ஒட்டகம் மாதிரி உயரமாக நடந்து வரும். ஒதுங்கி நிற்பது நம் வேலை. அது வேலை செய்ய வந்திருக்கிறது, நாம் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம்.

ஆனால் போனில் ஒரு மறைவான நல்ல விஷயம் உண்டு. பிரபலமான சரிவுக்குப் பின்னால், மேற்கே, 'ஓத் கோத்' என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கேயும் திராட்சை உண்டு, ஆனால் விலை குறைந்த ரகம். காடும் புல்வெளியும் கலந்து வரும். விலை குறைந்ததும் பாதை இளகிவிடுகிறது. சேன் ரொமான் பாறைகளைச் சுற்றியும், பல நிறத்தில் பளபளக்கும் ஓட்டுக்கூரைக் கோட்டை நிற்கும் லா ரோஷ்போவைத் தாண்டியும், சுண்ணாம்புக்கல் வண்டிப்பாதைகள் ஓடுகின்றன. காலையில் கான்கிரீட்டில் பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு, மேலே ஏறி மேட்டில் சரளையில் சுற்றிவிட்டு, சாயங்காலம் திரும்பலாம். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், அளவான ஏற்றம். அவன் மனைவிக்கு இதுதான் சரியாக வரும் என்று முதலில் நினைத்தேன்.

நினைப்பைக் கெடுத்தது சாப்பாடு. பிரெஞ்சுக் கிராமத்தில் மதியச் சமையலறை இரண்டு மணிக்கு மூடிவிடும். நான் ஒருமுறை 2.10க்குப் போய் நின்றேன். மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காபி தருவதாகச் சொன்னார்கள், அதோடு சரி. பேக்கரியும் மதியம் மூடியிருக்கலாம், திங்கட்கிழமை நாள் முழுக்க மூடியிருக்கலாம். அப்படியே கடை திறந்திருந்தாலும் பூர்கோன் சமையல் மாட்டிறைச்சியையும் நத்தையையும் நம்பி நடப்பது. முட்டையைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துத் தருவார்கள், அதிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு மிதக்கும். சைவத்துக்குக் கிடைப்பது சீஸ் போட்ட பன்னும் சாலட்டும். ஆறு நாள் அதில் வண்டி ஓட்ட முடியாது. தண்ணீருக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன்: பிரெஞ்சுக் கிராமத்தில் எது மூடியிருந்தாலும் கல்லறைத் தோட்டம் திறந்திருக்கும், பூச்செடிக்கு ஊற்ற உள்ளே ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும், தாகம் அதைச் சரிசெய்துவிடும்.

இனி கியாந்தி. இங்கேதான் என் விதி கொஞ்சம் தோற்கிறது, அதனால்தான் இந்த இடத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

சியானாவைச் சுற்றிய மாவட்டத்தில் வெள்ளைச் சாலைகள், இத்தாலிய மொழியில் 'ஸ்த்ராதே பியாங்கே', இன்றும் சாதாரண ஊர்ச் சாலைகள். தபால்காரர் வருவதும், பள்ளி வண்டி போவதும், பண்ணை வீட்டுக்காரர் காரில் தூசி கிளப்பிக்கொண்டு போவதும் இவற்றில்தான். வெளிர்நிறக் கல்லை நொறுக்கிப் போட்ட கப்பிச் சாலை என்று சொன்னால் நமக்குப் புரியும். இதற்கெல்லாம் ஒருநாள் தார் போட்டுவிடுவார்களே என்ற கவலையில் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் 1997இல் காயோலே என்ற சிற்றூரில் 'லெரோயிக்கா' என்ற சைக்கிள் நாளைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். 1987க்கு முன் செய்த சைக்கிள், கம்பளிச் சட்டை, பெடலில் தோல்வார் என்று பழைய கோலத்தில்தான் ஓட்ட வேண்டும். அக்டோபர் முதல் ஞாயிறையொட்டி இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அதன் பெரிய சுற்றான 209 கிலோமீட்டருக்கு வழிகாட்டிப் பலகைகள் நிரந்தரமாகவே நட்டுவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும், எந்த நாளிலும், எந்த சைக்கிளிலும் ஓட்டலாம். சாலையைக் காப்பாற்ற ஒரு விழா, விழாவால் பெயர் பெற்ற சாலை, பெயர் பெற்றதால் இனித் தார் போட யாருக்கும் துணிச்சல் வராத நிலை. 2007இல் தொழில்முறை வீரர்களுக்கான ஸ்த்ராதே பியாங்கே பந்தயமும் இதிலிருந்து கிளைத்து, இன்று ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சியானாவின் பியாத்ஸா தெல் காம்போ சதுக்கத்தில் முடிகிறது.

திராட்சைப் பிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பந்தயத்தில் தொலைக்காட்சி காட்டும் மிகப் புகழ்பெற்ற சரளைப் பகுதியான மோன்தே சாந்தே மரியே, 11.5 கிலோமீட்டர் நீளமுள்ளது, சியானாவுக்குத் தென்கிழக்கே களிமண் மேடுகளில் இருக்கிறது. ஒருகாலத்தில் கடலடியாக இருந்த மண் அது. கோதுமை விளையும், ஆடு மேயும். திராட்சை அங்கே அதிகம் கிடையாது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நேரே அங்கே போய் நின்றால் நிலவில் இறங்கிய மாதிரி இருக்கும், அழகுதான், ஆனால் நம்மவன் கேட்டது அதை இல்லை. நானும் ஒரு மார்ச் மாதத்தில், மழை விட்ட மறுநாள், அசியானோ ஊரிலிருந்து அந்தப் பக்கம் போனேன். சாலையை விட்டுக் குறுக்கு வழி என்று ஒரு வயல்பாதையில் இறங்கியதும் நூறு மீட்டரில் சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. களிமண் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் செங்கல் சூளைக்குத் தயாரான பதத்தில் அடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். குச்சியால் சுரண்டியே அரை மணி நேரம் போனது.

நாம் போக வேண்டியது வடக்கே, காயோலே, ராதா, காஸ்தெல்லினா மூன்று ஊர்களுக்கு நடுவில் இருக்கும் கியாந்தி. இங்கே மண் கல்லும் கரம்பையும் கலந்தது, மழை பெய்தாலும் சீக்கிரம் வடியும். ஓக் காடு, ஒலிவத் தோப்பு, திராட்சை, மறுபடி காடு என்று மாறி மாறி வரும். அதனால் நிழலும் உண்டு. மூன்று இடங்களில் இங்கே மட்டும்தான் சரளையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கைநீட்டினால் கொடி. காயோலேயிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் புரோலியோ கோட்டை. 1141 முதல் ரிக்கசோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. அதற்கு ஏறும் வெள்ளைப் பாதையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். லெரோயிக்கா நாளில் விடியுமுன்பே கிளம்புகிறவர்களுக்காக அதன் ஓரங்களில் தீபம் ஏற்றிவைப்பார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் சான் குஸ்மே, மதில் சூழ்ந்த கைக்குட்டையளவு கிராமம். அதில் ஒரு மனிதன் குத்தவைத்து உட்கார்ந்து காலைக்கடன் கழிக்கும் குட்டிச் சிலை ஒன்று மரியாதையாக மாடத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அதில் ஏகப் பெருமை.

இந்தப் பகுதி ஒயின் பாட்டிலின் கழுத்தில் ஒரு கறுப்புச் சேவல் இருக்கும். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஃபிளாரன்சுக்கும் சியானாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், இருவரும் சந்திக்கும் இடம் எல்லை. சியானாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்பே கூவிவிட்டது. ஃபிளாரன்ஸ் வீரன் சியானாவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிட்டானாம். வரலாறோ கட்டுக்கதையோ, அந்தச் சேவலின் வழியைத்தான் நான் பின்பற்றுகிறேன்: விடியும் முன் கிளம்பு, பதினொன்றுக்குள் முடி.

கியாந்தியின் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். ஏற்றம் ஆனைகட்டி மாதிரி ஒரே சீராக வராது. ஒரு கிலோமீட்டர் இறக்கம், உடனே இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், அதில் நடுவே நூறு மீட்டர் சுவர் மாதிரி நிற்கும். நாற்பது கிலோமீட்டர் சுற்றில் 700, 800 மீட்டர் ஏறிவிடுவோம். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தேதான் ஏற வேண்டும். அதற்குக் கடைசி கியர் முன்னும் பின்னும் சம பல்லாகவாவது இருக்க வேண்டும். முன்னால் 40 என்றால் பின்னால் 42க்குக் குறையாமல். இறக்கத்தில் பாதை தகரக்கூரை மாதிரி அலையலையாக நெளிந்திருக்கும், கையைப் பிடுங்கிவிடும். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், டியூப்லெஸ் நல்லது, காற்றை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். மச்சினன் 32இல் சமாளிப்பேன் என்றான். சமாளிக்கலாம், திரும்பி வந்து பல் டாக்டரைப் பார்க்கலாம்.

அப்புறம் போக்குவரத்து. காயோலேக்கு ரயில் கிடையாது. ஃபிளாரன்சிலிருந்து சியானாவுக்கு உள்ளூர் ரயில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சாலையில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோன்தேவார்க்கி நிலையத்தில் இறங்கினால் இருபதுதான், ஆனால் நடுவே ஒரு மலை. பெட்டியோடு வருகிறவர்கள் சியானாவிலிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். இந்தியாவிலிருந்து சைக்கிளைக் கட்டித் தூக்கிவர வேண்டாம். காயோலேயிலும் சியானாவிலும் கிராவல் பைக் வாடகைக்குக் கிடைக்கிறது, மின்மோட்டார் வைத்ததும் கிடைக்கிறது. போன் நகரத்தில் நான் தேடியபோது சாதாரணச் சுற்றுலா சைக்கிள்தான் சுலபமாகக் கிடைத்தது.

சாப்பாட்டில் கியாந்தி ஜெயித்துவிடுகிறது. பூண்டும் தக்காளியும் போட்ட, கையால் உருட்டிய தடித்த 'பீச்சி' நூடுல்ஸ், பழைய ரொட்டியும் அவரையும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த 'ரிபொல்லித்தா', தக்காளியில் ஊறிய ரொட்டிக் களி. எல்லாம் ஏழை விவசாயியின் அடுப்பில் பிறந்தவை, இறைச்சி இல்லாமலே வயிறு நிறையும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், சூப்பில் சில வீடுகளில் பன்றித்துண்டு போடுவார்கள். பாலாடைக்கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறையைச் சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதால், கறாரான சைவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். (இதை என் மாமியாரிடம் யாரும் சொல்ல வேண்டாம், போன முறை நானே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.) ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. நாலு பாக்கெட் ஊறுகாய் பையில் இருக்கட்டும்.

எப்போது போவது? மே, ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர். மே மாதத்தில் ஒரு எச்சரிக்கை: காலையில் மருந்தடிப்பார்கள். இலையெல்லாம் நீலம் பாரித்திருந்தால் அது நம் விவசாயிகளுக்கும் தெரிந்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும். அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. தெளிப்பான் ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க ஏறாதீர்கள், ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், வெயில் கொளுத்தும், கடைகளும் விடுமுறையில் போயிருக்கும். செப்டம்பர் பின்பாதியில் கியாந்தியில் சாஞ்சோவேசே திராட்சை பறிப்பு நடக்கும். ஊருக்குள் நுழையும்போதே புளித்த வாசனை வரும், சாலையில் பழம் ஏற்றிய டிரெய்லர்கள் வரும், அந்தப் பயணத்துக்கு அதுவே அழகு. ஆனால் லெரோயிக்கா வாரத்தில் காயோலேயில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

யாராவது ஒயின் சுவைக்க ஆசைப்பட்டால்: பிரான்சிலும் இத்தாலியிலும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. ஜெர்மனியில் 1.6 வரை விட்டுப்பிடிப்பார்கள், தடுமாறி ஓட்டினால் அதற்கு முன்பே மாட்டிக்கொள்ளலாம். சரளை இறக்கத்துக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, அதுவே தண்டித்துவிடும்.

எனவே மச்சினனுக்கு நான் எழுதியது இதுதான். காயோலேயில் ஒரே அறை, ஐந்து ராத்திரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டாம். உனக்குச் சாதாரண கிராவல், அவளுக்கு மோட்டார் வைத்தது. காலையில் சேர்ந்து 35 கிலோமீட்டர். அதற்குமேல் உனக்குக் கால் அரித்தால் மதியத்துக்கு மேல் நீ தனியாக ராதா பக்கம் போய் ஏறிக்கொள். கிளம்பும் வாரத்தில் தொடர்மழை என்று முன்னறிவிப்பு சொன்னால் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போனுக்குப் போய்விடு, கான்கிரீட்டின் அருமை அன்றைக்குத்தான் தெரியும். பட்டினி கிடக்காமல் இருக்க ரவா உப்புமா கிண்டும் அளவுக்குச் சமையலறை உள்ள வீடாகப் பார்த்துக்கொள்.

மோட்டார் என்றதும் அவனுக்கு முகம் சுளித்தது குரல்செய்தியிலேயே தெரிந்தது. "அது ஏமாத்து வேலை இல்லையா மாமா?" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது: "அண்ணா, பேட்டரி எத்தனை கிலோமீட்டர் வரும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பேசிக்கிறேன்."

ஏற்றத்தைப் பொறுத்து அறுபதாவது வரும் என்று எழுதினேன். செப்டம்பர் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் புரோலியோ, சான் குஸ்மே, திரும்பக் காயோலே. கிளம்புவது காலை ஆறரைக்கு.